ஏணியை நகர்த்தாத பக்கம்

எதிர்ச் சந்தில், டூவீலர் பட்டறையின் கூரையில், ஒரு தகரம் அடித்துக்கொள்கிறது. டப். பிறகு ஒன்றுமில்லை. பிறகு டப், டப். காற்று அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறது, விடுகிறது, யோசிக்கிறது, மறுபடியும் தூக்குகிறது. ஒரு போல்ட்டு போயிருக்கிறது. இப்படியே விட்டால் பக்கத்தில் இன்னும் இரண்டு போகும். தெருவில் யாருக்கும் இந்தச் சத்தம் காதில் விழவில்லை. எனக்கு வேறு எதுவுமே காதில் விழவில்லை. காபியை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறேன். முழங்கால் திட்டுகிறது. நடக்கிறேன்.

வேலையை விட்டு மூன்று மாதம். ஐம்பத்திரண்டு ஓய்வு பெறுகிற வயதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். ஆனால் ஏணிக்கென்று ஒரு வயது இருக்கிறது. அதை என் முழங்கால் முடிவு செய்துவிட்டது. விடைகொடுத்த அன்று நீங்கள் எல்லாரும் கையில் மிக்சர் தட்டோடு உட்கார்ந்து, “புதுசா வந்திருக்கறவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்” என்று கேட்டீர்கள். நான் “ஜாக்கிரதையா இருங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இருபத்துநான்கு வருடத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதாது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இந்தத் தகரம் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நம் வேலையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காற்று வருவதற்கு முன்னால் போய், வீட்டில், கடையில், தறிக்கூடத்தில், எதெது பறக்கும் என்று பார்த்துச் சொல்வது, பறக்காமல் செய்வது. வடவள்ளியில் ஒருவர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நான் இரண்டு முறை நடந்ததைப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “ஏனுங்க அம்மணி, இது இஞ்சினியரிங்ல வருதுங்களா, ஜோசியத்துல வருதுங்களா?” நான் டிப்ளமா சிவில் என்றேன். “அப்பச் செரிங்க” என்றார், நம்பாமல்.

போல்ட்டும் வாசரும் உங்களுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மனிதர்கள்தான் வர நாளாகும். பவானியில் ஒரு ஜமுக்காளக் கடை. கடை சிறியது, அதன் மேல் நின்ற பெயர்ப்பலகை கடையைவிடப் பெரியது. சட்டம் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. கீழே பேருந்து நிறுத்தம். கடைக்காரர் ஜன்னலைச் சரிசெய்யச் சொன்னார், ஷட்டரைச் சரிசெய்யச் சொன்னார். பலகையை மட்டும் தொடக்கூடாது என்றார். நான் அரை மணி நேரம் வாதாடினேன். காற்றின் அழுத்தம், பலகையின் பரப்பு, கீழே நிற்கிற ஜனம் என்று படம் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், வேண்டாம் என்று. கூட வந்த எங்கள் வெல்டர், அதுவரை பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு சும்மா நின்றவர், பலகையை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “யாருங்க செல்வி?”

கடைக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். செல்வி அவர் மனைவி. கடை ஆரம்பித்த வருடம் இருந்தார், அடுத்த வருடம் இல்லை.

“உள்ள கொண்டாந்து மாட்டிப்போடலாமுங்களா?” என்றார் வெல்டர். “ஆனியில இருந்து ஆவணி வரைக்கும். உங்க கண்ணுக்கு நேரா இருக்கும்.”

இன்றைக்கும் அந்தப் பலகை காற்று மாதங்களில் கடைக்கு உள்ளேதான் இருக்கிறது. அரை மணி நேரம் நான் பேசியதும் சரிதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர்.

இது நான் தோற்று, நல்லபடியாக முடிந்த கதை. இனிச் சொல்லப்போவது அப்படி இல்லை. இதைச் சொல்லத்தான் அன்றைக்கு எழுந்து நின்றேன், வாய் வரவில்லை.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடம். சாந்தாமணியக்காவும் அவர் வீட்டுக்காரர் மயில்சாமியண்ணாவும் நடத்துவது. கிணறு கைவிட்ட பிறகு தோட்டத்தில் பாதியைத் தென்னைக்கு விட்டுவிட்டு, மீதியில் செட்டு போட்டுப் பன்னிரண்டு தறி இறக்கிய குடும்பம். சிமெண்ட் அட்டைக் கூரை. அந்தத் தறியும் அந்தக் கூரையும்தான் அவர்களுக்குச் சகலமும். கூரை போனால் தறி நனையும். தறியில் ஏற்றியிருக்கிற பாவு நூல் நனையும். பாவு கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். தறி ஓட்டுகிறவர்கள் வேறு கூடம் பார்த்துப் போய்விடுவார்கள். திரும்பத் தொடங்குவதற்கு அந்த வயதில் தெம்பு இருக்காது. இதை அக்கா என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால்தான் நம்மைக் கூப்பிட்டதே.

மாசிக் கடைசி. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அண்ணா, பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுகிற மாதிரி மேற்கு ஓரத்தைக் காட்டினார். போல்ட்டு இரட்டை வரிசை. வாசர் எல்லாம் புதிது. அதற்கு மேல், ஓரத்தோடு ஓரமாக, மணல் மூட்டைகள், தூங்குகிற ஆடுகள் மாதிரி வரிசையாக.

“ஆடிக் காத்துக்கு அசையாதுங்க” என்றார்.

இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்துச் செய்த ஏணி. கனம். ஒரு ஆள் தூக்க முடியாது. மேற்குச் சுவரில்தான் சாத்தியிருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும் போல, சுவரில் இரண்டு தழும்பு. நான் ஏறினேன். எல்லாம் நன்றாக இருந்தது. இறங்கினேன். கையில் அட்டையின் சூடு எரிந்தது. அடுத்த இடத்தில் எனக்காகக் காத்திருந்தார்கள்.

அக்கா கேட்டார்: “கெழக்காலயும் ஏறிப் பாத்தறலாமுங்களா அம்மணி? ஏணியத் தூக்க இவரக் கூப்புடறேன்.”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வேண்டாங்க்கா. காத்து அந்தப் பக்கமிருந்து எங்க வரப்போகுது?”

மூன்று பேரும் சிரித்தோம்.

ஏன் சிரித்தோம் என்று வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருக்கிற உங்களுக்குப் புரியாது. எங்களுக்குக் காற்று என்றால் மேற்கு. பாலக்காட்டுக் கணவாய் என்பது யாரோ சாத்த மறந்த கதவு. ஆனி பிறந்தால் அதன் வழியாக வந்துவிடும். ஆவணி வரை போகாது. இங்கே வளர்ந்த தென்னைகள் கிழக்கே சாய்ந்துதான் வளர்கின்றன. பெருக்கும்போது குப்பை எந்த மூலைக்குப் போகும், துணிக்குக் கிளிப்பை எந்தப் பக்கம் போட வேண்டும், பைக்கை எந்தப் பக்கமாக ஸ்டாண்ட் போட்டால் விழாது, எல்லாம் உடம்புக்குத் தெரியும். கொத்தனார் மேற்கே ஜன்னல் வைக்க யோசிப்பார். ஆடியில் யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால், ஆனிக்குள் மேற்கு ஓரத்தை முடித்துக் கொடுக்கச் சொல்லி நம் போன் அலறும். இருபது வருடமாக நான் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தவள். தெரிந்த காற்று. பழகிய காற்று. அதன் நடை தெரியும், கோபம் தெரியும்.

தெரிந்ததைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறோம். அதில் ஒரு சுகம் இருக்கிறது.

பையிலிருந்து பச்சை ஸ்டிக்கரை எடுத்தேன். ‘காற்றுக்குத் தயார்’. அக்காவே அதை வாங்கி, சேலைத் தலைப்பால் கதவைத் துடைத்து, சாமி படம் ஒட்டுகிற கவனத்தோடு ஒட்டினார்.

சித்திரை பிறந்து சில நாள். மதியம் மூன்று மணி இருக்கும். கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இருந்தேன். கோழிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன, அவ்வளவு புழுக்கம். போனுக்கு எச்சரிக்கைச் செய்தி வந்திருந்தது. மூன்று நாளாகவே வந்துகொண்டிருந்ததால் யாரும் படிக்கவில்லை. நானும்தான். ஒரு இலை ஆடவில்லை. பிறகு எங்கோ ஒரு பக்கெட் உருண்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

தென்னைகள் மேற்கே குனிந்திருந்தன.

பிறந்ததிலிருந்து கிழக்கே வணங்கியே வளர்ந்த மரங்கள், மட்டைகளைத் திருப்பி, யாரோ பின்மண்டையைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி மேற்கே குனிந்திருந்தன. கிழக்கு வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கோடை இடியோடு வருகிற காற்றுக்குக் கணவாய் தேவையில்லை, அது எந்தப் பக்கமிருந்தும் வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணத்தில்தான் சோமனூரில் நான் ஏறாத கிழக்கு ஓரம் நினைவுக்கு வந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு தறி ஓடுகிற இடத்தில் போன் சத்தம் யாருக்குக் கேட்கும்? மூன்று தடவை போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ஆறேழு கிலோமீட்டர். வழியெல்லாம் செம்மண் எழுந்து நடந்தது. ஒரு விளம்பரப் பேனர் கிழிந்து, பாதி முகத்தோடு சாலையைக் கடந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். யோசித்துப் பார்த்தால், போல்ட்டு, போல்ட்டு, போல்ட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் உள்ளே நுழையும்போது கரண்ட் போனது. பன்னிரண்டு தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதி பயங்கரமானது. அதற்குள் கூரை முனகுவது கேட்டது.

கிழக்கு ஷட்டர் முழுசாகத் திறந்து கிடந்தது, காற்றோட்டத்துக்காக.

சாந்தாமணியக்கா முகம் மலர்ந்து வந்தார். “வாங்க வாங்க அம்மணி, இந்தக் காத்துல எங்கீங்க வந்தீங்க? சித்த உக்காருங்க, டீ வெச்சாரேன்.”

“அக்கா, ஷட்டர எறக்கச் சொல்லுங்க. எல்லாரையும் நூல் ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க.” நூல் ரூமுக்கு மட்டும்தான் கான்கிரீட் மேற்கூரை.

“கரண்டும் இல்ல. ஷட்டரையும் எறக்கிப்போட்டா உள்ள வெந்துபோயிருவாங்கல்ல?”

“வேகட்டுங்க. காத்து உள்ள பூந்தா கூரையத் தூக்கிரும்.”

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். கதவுப் பக்கம் கையைக் காட்டினார். “அதான் நீங்களே பச்ச ஒட்டிக் குடுத்தீங்களே?”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு அப்போது சொல்வதற்கு எத்தனையோ நல்ல வாக்கியங்கள் இருந்தன. இது வேறு மாதிரியான காற்று என்று சொல்லலாம். எதற்கும் ஒரு முன்னெச்சரிக்கைக்கு என்று சொல்லலாம். என் பேரும் கெடாது, கம்பெனி பேரும் கெடாது. அதைச் சொல்லி, அவர் திருப்பிக் கேட்டு, நான் விளக்கி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு நிமிடம் இல்லை.

“அந்தப் பச்ச பொய்யுங்க்கா. நான் கெழக்க ஏறவே இல்ல.”

ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான். திரும்பினார். “ஏ! ஷட்டர எறக்குங்க! பாவ உடு, பாவ உடுன்னா உடு! ரூமுக்குள்ள போ!” தறி ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். ஷட்டரில் தொங்கி இழுத்தார்கள். அது பாதியில் சிக்கியது, ஒருவர் காலால் உதைத்தார், இறங்கியது. அக்காவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. தறிச் சத்தத்தில் வாழ்ந்த குரல்.

“அண்ணா எங்கீங்க்கா?”

“பின்னால மணல் அள்றாரு.”

ஓடினேன். அந்தக் கனத்த ஏணி கிழக்குச் சுவரில் சாத்தியிருந்தது. மாசியில் நான் நகர்த்தச் சொல்லாத ஏணியை அவர் எப்படியோ தனியாக இழுத்து வந்து வைத்திருந்தார். ஒரு மூட்டையை ஏற்கெனவே மேலே கொண்டுபோய்ப் போட்டாயிற்று. இரண்டாவது மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் பலூன் மாதிரி உப்பியிருந்தது.

“அண்ணா, மேல போகாதீங்க!”

“ரெண்டே மூட்டைங்க அம்மணி. வெச்சுப்போட்டா நின்னுக்கும்.”

“நிக்காதுங்ணா. போல்ட்டு எப்பிடி இருக்குன்னே தெரியாது. உள்ள வாங்க.”

“இருவது வருசமா மூட்டதாங்க நிறுத்திக் குடுத்திருக்குது” என்றார், கோபமே இல்லாமல், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக் கொடுப்பவர் மாதிரி. அவர் சொன்னதில் பொய் இல்லை. மேற்கு ஓரத்தில் மூட்டை நிறுத்தியது உண்மைதான்; அதற்கு அடியில் இரட்டை வரிசை போல்ட்டும் இருந்தது.

மூட்டையைத் தோளில் ஏற்ற அவர் குனிந்தார். ஏணிக்கு முதுகு காட்டிய அந்த ஒரு நொடியில் நான் ஏணியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து விட்டேன். அது சுவரை உரசிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. மணி அடித்த மாதிரி ஒரு சத்தம்.

மயில்சாமியண்ணா நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் என்னை ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். “ஏய்! உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?”

“என்ன வேணாச் சொல்லுங்க. ஏணி கெடையாது.”

“என்ற கூரை! எடு கைய!”

அதற்குள் அக்கா வந்துவிட்டார். நான் ஒரு முனையில், அவர் மறுமுனையில். இரண்டு பேரும் ஏணியை இழுத்துக்கொண்டு நூல் ரூமைப் பார்த்து ஓடினோம்; ஓடினோம் என்பது பெரிய வார்த்தை, ஏணி எங்களை இழுத்தது. பின்னாலேயே அவர், “உடு சாந்தா! உடுன்னு சொல்றேன்ல!” என்று கத்திக்கொண்டு வந்தார். வாசற்படியில் ஏணி மாட்டியது. அண்ணா வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பிடித்தார். பிடுங்குவதற்காக உள்ளே ஒரு கால் வைத்தார். நாங்கள் இழுத்த இழுப்பில் ஏணியும் உள்ளே வந்தது, அவருடைய இன்னொரு காலும் வந்தது. அக்கா கதவைச் சாத்தினார்.

அப்படித்தான் அவர் உள்ளே வந்தார். நான் பேசிய நியாயத்துக்காக இல்லை. ஏணிக்குப் பின்னால் வந்தார்.

அடுத்து வந்தது சத்தம் மட்டும். முதலில் ஷட்டர் உறுமியது. அப்புறம் ஒவ்வொரு போல்ட்டாக, யாரோ விரலைச் சொடுக்குகிற மாதிரி. அப்புறம் அந்தக் கிழிசல். பெரிய துணிக்கடையில் ஒரே இழுப்பில் துணியைக் கிழிப்பார்களே, அதை வானத்தின் அகலத்துக்கு நினைத்துக்கொள்ளுங்கள். தறிகள் மேல் அட்டைகள் விழுந்து உடைந்தன. கனமாக ஏதோ ஒன்று ‘தொம்’ என்று இறங்கியது. நூல் கோன்களுக்கு நடுவில் ஆறு பேர், ஒரு ஏணி. ஏணியின் மீது நான் உட்கார்ந்திருந்தேன். மயில்சாமியண்ணா இன்னமும் அதன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ‘தொம்’ கேட்டதும் அவர் கை மெல்ல விட்டது.

பத்து நிமிடம்கூட இருக்காது. காற்று போய், மழை நின்று பெய்தது. கதவைத் திறந்தோம். கிழக்கு ஓரத்தில் ஏழு அட்டை இல்லை. அந்த அளவுக்கு வானம் தெரிந்தது. அவர் மேலே வைத்துவிட்டு வந்த மூட்டை, மூன்றாவது தறியின் மேல், சட்டத்தை வளைத்துப்போட்டு, வயிறு கிழிந்து கிடந்தது. அவர் நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே.

அண்ணா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ரொம்ப மெதுவாக, “தண்ணி இருக்குதுங்களா?” என்றார்.

“மேல பாருங்க மாமா, ஊத்துது. அண்ணாந்து குடிங்க” என்றார் அக்கா. தறி ஓட்டுகிறவர்களில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம், அழுகை வருகிற மாதிரி. அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். சிரிப்பு நின்ற பிறகும் அழுதார்.

நான்கு பாவு முழுசாக நனைந்தது. மூன்று தறிக்குச் சாயங்காலம் வரை தார்ப்பாய் பிடித்தோம். வேலை கொஞ்சம் ஓய்ந்தபோது அக்காவே ஆரம்பித்தார்: “நேரத்துக்கு வந்து சேந்தீங்களே அம்மணி. அதே பெருசு.” எங்கள் பக்கத்து மரியாதை இது. எதிரே நிற்பவர் தலையைக் குனியும் முன்பே நாம் பாயை விரித்துவிடுவோம். அதில் படுத்துவிடுவது ரொம்பச் சுலபம்.

எங்கள் பங்குக் கோயிலில் செய்த தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு திரை உண்டு. சாமியார் முகம் தெரியாது. இங்கே திரை இல்லை. “அன்னைக்கு நீங்க கேட்டீங்க்கா. கெழக்க ஏறலாமான்னு. நான் ஏறியிருந்தா துரு தெரிஞ்சிருக்கும். அஞ்சு நிமிச வேல” என்றேன்.

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “ஆமாங்க” என்றார். “நான் கேட்டனுங்க.”

மழைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம். மயில்சாமியண்ணாதான் சொன்னார்: “நானும் ஏறுலீங்களே. என்ற கூரை. இருவது வருசமா மேக்காலயே ஏறி மேக்காலயே எறங்கிட்டிருந்தேன். அங்க நல்லாருக்குதுன்னு பாக்கறக்குத்தான் ஏறுவேன் போலிருக்குது.”

கிளம்பும்போது அக்கா கதவில் இருந்த பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, கிழியாமல் உரித்து, என் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கடையில் தவறான சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். போன் உறைக்குள் இருக்கிறது. பசை போய்விட்டது.

ஆபீசில் எனக்கு மேலே இருந்தவர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்ற நினைத்தார். “இயற்கைச் சீற்றம்னு ஒரு வரி எழுதுங்க மேடம், முடிஞ்சது” என்றார். நான் “கிழக்குப் பக்கம் பார்க்கப்படவில்லை. பார்க்காமலே ஸ்டிக்கர் ஒட்டினேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வெகுநேரம் படித்தார். கம்பெனி கூரையை மாற்றிக் கொடுத்தது. எனக்கு எட்டு மாதம் தனியாகப் போய்ப் பார்க்கிற அனுமதி இல்லை. அதில் நியாயம் இருந்தது.

நீங்கள் தினமும் நிரப்புகிற படிவத்தில் கடைசியாக ஒரு காலி வரி இருக்கிறதே, ‘பார்க்காத பக்கம்’ என்று? அது அந்த வருடம் வந்தது. நான் சண்டை போட்டு வாங்கியது. உங்களில் பலர் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிறீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று அர்த்தமா? என்னால் ஒருநாளும் அப்படிப் பார்க்க முடிந்ததில்லை. நாய் கட்டியிருக்கும், பூட்டிய அறை இருக்கும், ஏணி எட்டாது, வெயிலாக இருக்கும், பசிக்கும். அதை எழுதுங்கள். ‘வடக்கு மூலை பார்க்கவில்லை, நாய்’ என்று எழுதுங்கள். வீட்டுக்காரர் படித்துவிட்டு நாயை வேறு இடத்தில் கட்டிவிட்டுக் கூப்பிடுவார். நாம் பார்க்காதது அவருக்குத் தெரிந்தால் காற்றடிக்கும்போது அந்த மூலையில் படுக்க மாட்டார். அது போதும்.

வேலையின் கடைசி வாரம், இந்தப் பங்குனியில், சோமனூருக்குப் போயிருந்தேன். கிழக்கு ஓரத்தில் புது அட்டை பழசோடு நிறம் ஒட்டாமல் தெரிகிறது, பல் கட்டிய மாதிரி. மணல் மூட்டை எதுவும் இல்லை. என் முழங்காலைப் பார்த்துவிட்டு அக்கா, “நீங்க ஏறாதீங்க” என்றார். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே அண்ணாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஸ்பேனரோடு அவரே ஏறினார். இப்போதெல்லாம் அவர்தான் ஏறுகிறாராம். நாலு பக்கமும், வருடத்துக்கு ரெண்டு தடவை. பச்சை ஸ்டிக்கர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பலகை போட்டு, அதில் முட்டி போட்டு, ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்து மேலிருந்து சத்தமாகச் சொல்ல, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

மயில்சாமியண்ணா நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “மேல போயிட்டா எறங்கவே மாட்டீங்கறா. ஊட்ல சோறு யாரு ஆக்கறது?”

“ஆக்கித்தான் வெச்சிருக்குது!” என்றது கூரை. “போட்டுத் திங்க உங்களுக்குக் கை இல்லீங்களா?”

மேற்கு முடிந்தது, தெற்கு முடிந்தது, ஏணியை நானும் அண்ணாவும் நகர்த்தினோம். கிழக்குக்கு வந்ததும் அக்கா குரல் நிதானமாகியது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை தட்டினார். கடைசிப் போல்ட்டுக்கு வந்தபோது நான் சொன்னேன், இது எனக்குக் கடைசி வாரம் என்று. அக்கா அதை மூன்றாவது முறையும் தட்டினார். காற்று வந்தது. மேற்கேயிருந்து, லேசாக.

வடக்குப் பக்கம் பாக்கி இருந்தது. அங்கே போகிற ஏணியைப் பிடிக்க அண்ணா எழுந்து வந்தார். எனக்கு இன்னொரு வீடு பார்க்க வேண்டியிருந்தது. படிவத்தில் ‘பார்க்காத பக்கம்: வடக்கு. அக்கா பார்ப்பார்’ என்று எழுதி அண்ணாவிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன்.

“நான் வாரேனுங்க்கா!”

அக்கா கூரை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வெயில், அதனால் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“போயிட்டு வாங்க அம்மணி. போறப்ப இந்த ஏணிய மட்டும் எடுத்துப்போட்டுப் போயிராதீங்க!”